சறுக்கோட்ட வீரர் ஆனந்த்குமார்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் செல்லும் சாலை கடலை நோக்கிச் செல்வது. மாலையில் கடற்காற்று எழுந்துவிட்டால் அச்சாலையில் கிழக்கு நோக்கி மிதிவண்டி ஓட்டிச் செல்வது எளிதன்று. பள்ளி விட்டு வீடு திரும்பும் மாணவர் அப்பொழுது ஒருவர் பின் ஒருவராகச் செல்வதைக் காணலாம். முன்னே செல்பவன் குனிந்து, மூச்சு வாங்க, காற்றோடு போராடுகிறான். அவன் முதுகை ஒட்டி வருபவனோ அத்துணைத் துன்பம் உறுவதில்லை, பேசிக்கொண்டே வருகிறான். சிறிது தொலைவு சென்றதும் முன்னவன் களைத்து ஒதுங்குகிறான். பின்னவன் முன்னே வந்து காற்றை எதிர்க்கிறான். இம்முறையை அவர்களுக்கு எவரும் கற்பித்ததில்லை; காற்றே கற்பித்தது.

சாலை வளையும் இடத்தில் மற்றொன்றையும் காணலாம். மெல்லச் செல்பவன் நிமிர்ந்தபடியே திரும்பிவிடுகிறான். விரைந்து வருபவன் வண்டியோடு தன் உடலையும் வளைவின் உட்புறமாகச் சாய்க்கிறான். சாயாவிடில் வெளிப்புறமாகத் தூக்கி எறியப்படுவான் என்பதை அவன் உடல் அறியும். வேகம் மிகுந்தால் சாய்வும் மிகும். இருப்புப்பாதை வளையும் இடங்களில் வெளிப்புறத் தண்டவாளத்தைச் சிறிது உயர்த்தி அமைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

காற்றுக்கு மறைந்து செல்லுதல், வளைவில் சாய்ந்து செல்லுதல் ஆகிய இவ்விரண்டுமே சறுக்கோட்டம் என்னும் விளையாட்டின் உயிர்நிலை. ஆங்கிலத்தில் ஸ்கேட்டிங் எனப்படுவது இது. இவ்விளையாட்டில் 2025ஆம் ஆண்டு உலகப் பட்டம் பெற்றவர் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் என்னும் இளைஞர். இதில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவர் வெற்றியின் அருமையை உணர வேண்டுமாயின், முதலில் இவ்விளையாட்டு பிறந்த இடத்தையும் அதன் இயல்பையும் சிறிது அறிதல் வேண்டும்.

சறுக்கோட்டம் பனி மூடும் நாடுகளில் பிறந்தது. கிள்ளைக்கு வடக்கே வெள்ளாற்றின் மறுகரையில் உள்ள பரங்கிப்பேட்டையில் முற்காலத்தில் டச்சுக்காரர் பண்டசாலை அமைத்து வாணிகம் செய்தனர். அவர்தம் தாய்நாடாகிய நெதர்லாந்து தாழ்நிலம்; கால்வாய்கள் நிறைந்தது. பிச்சாவரத்துக் கால்வாய்களில் நாம் படகில் செல்வது போல அவர்களும் கோடையில் படகில் செல்வர். கடுங்குளிரில் அக்கால்வாய்கள் உறைந்து கல்லைப் போல் இறுகிவிட்டால், காலணியில் இரும்புத் தகடு பூட்டி அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டே ஊர்விட்டு ஊர் செல்வர். வழிப்பயணம் நாளடைவில் விளையாட்டாயிற்று. இன்றும் பனிச் சறுக்கோட்டத்தில் தலைசிறந்த நாடுகளுள் ஒன்று நெதர்லாந்து.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்று கேட்கலாம். தகட்டின் அழுத்தத்தால் பனிக்கட்டி உருகி நீராகிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. அது மட்டும் போதிய விளக்கம் அன்று என இப்பொழுது தெளிந்துள்ளனர். பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உள்ளே உள்ளவற்றைப் போல் இறுகப் பிணைந்திருப்பதில்லை. ஆகவே, உருகும் நிலைக்குக் கீழேயும் அங்கு நீர்போன்ற மெல்லிய படலம் ஒன்று நிலவுகிறது. தகடு உராய்வதால் எழும் வெப்பமும் அதற்குத் துணை செய்கிறது.

பனித்தரைச் சறுக்கோட்டத்தில் நெடுந்தடம், குறுந்தடம் என இரு பிரிவுகள் உண்டு. நெடுந்தடத்தின் சுற்று 400 மீட்டர். அதில் இருவர் இருவராக ஓடுவர், கடிகாரமே நடுவர், குறைந்த நேரத்தில் முடித்தவர்க்கே பரிசு. குறுந்தடம் அத்தகையது அன்று. 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள தளத்திற்குள் 111.12 மீட்டர் சுற்றளவில் அத்தடத்தை வகுப்பர். நால்வர், ஐவர் அல்லது அதனினும் மிகுந்தோர் ஒன்றாகப் புறப்படுவர். எவர் முந்தி எல்லைக்கோட்டைக் கடக்கிறாரோ அவரே வென்றவர்; எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது பொருட்டன்று. நேர்வழி சிறிது, வளைவோ பெரிது. ஆதலால் வீரர்கள் இடப்புறமாகப் பெரிதும் சாய்ந்து, இடக்கை விரல்கள் பனியைத் தொட்டுத் தடவ, வளைந்தோடுவர். விரல் தேயாதிருக்கக் கையுறையின் நுனியில் வழவழப்பான கடினக் குப்பிகள் பொருத்தியிருப்பர். 1992ஆம் ஆண்டு முதல் இது குளிர்கால ஒலிம்பிக் போட்டியில் பதக்கத்திற்குரிய ஆட்டமாக விளங்குகிறது.

நெருங்கி ஓடுவதால் ஒருவர் வீழ்ந்தால் மற்றவரும் வீழ்வர். இதற்கு ஆஸ்திரேலிய நாட்டு வீரர் ஸ்டீவன் பிராட்பரியின் வரலாறு சான்று. 1994ஆம் ஆண்டில் கானடாவில் நடந்த ஒரு போட்டியில் அவர் வீழ்ந்தபொழுது மற்றொருவரின் தகடு அவர் தொடையைப் பிளந்துவிட்டது. உடலில் இருந்த குருதியில் பெரும்பகுதி வெளியேறிற்று. 111 தையல்கள் இட்டு அவரைப் பிழைப்பித்தனர். 2000ஆம் ஆண்டில் பயிற்சியின்போது மீண்டும் வீழ்ந்து கழுத்தெலும்பு முறிந்தது. இனிச் சறுக்கோட்டம் கூடாது என்றனர் மருத்துவர். அவர் கேட்கவில்லை.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் 1000 மீட்டர் இறுதிச் சுற்றில் ஐவர் ஓடினர். தம்மினும் இளையராயும் விரைவுடையராயும் இருந்த நால்வரோடு ஒட்டி ஓடத் தம்மால் இயலாது என்பதைப் பிராட்பரி அறிந்திருந்தார். எனவே, சற்றுப் பின்தங்கியே ஓடினார். முன்னே செல்வோர் ஒருவரையொருவர் முந்த முயன்றால் வீழக்கூடும் என்பது அவர் கணக்கு. கடைசி வளைவில் அவ்வாறே நிகழ்ந்தது. நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிப் பனியில் உருண்டனர். ஏறத்தாழ 15 மீட்டர் பின்னே வந்த பிராட்பரி நின்றபடியே கோட்டைக் கடந்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள நாடு ஒன்று பெற்ற முதல் தங்கப் பதக்கம் அதுவே. நற்பேறு என்று சிலர் நகைத்தனர். நற்பேறு என்பது உண்மையே. ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகள் பனியிலும் குருதியிலும் கிடந்தவரே அந்த இடத்தில் நின்றிருக்க முடியும் என்பதையும் உடன் கூறுதல் முறை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். உறையும் கால்வாய் நமக்கு இல்லை. மார்கழித் திங்களின் விடியற்பனியும் புல்நுனியில் நீராய்த் திரள்வதே அன்றிக் கட்டியாவதில்லை. அங்ஙனமாயின் தமிழ்நாட்டு இளைஞர் சறுக்கோடுவது எங்ஙனம்? தகட்டுக்கு மாறாகச் சக்கரத்தைக் கொண்டே.

காலணியில் சக்கரம் பூட்டும் எண்ணம் புதியது அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பெல்ஜிய நாட்டிலிருந்து இலண்டனுக்கு வந்து வாழ்ந்த ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கைவினைஞர் அத்தகைய காலணியைச் செய்தார். அதனை அணிந்து, பிடில் வாசித்தபடியே ஒரு விருந்து மண்டபத்துள் உருண்டு வந்தார் என்றும், நிற்கும் வழி அறியாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதி அதனை நொறுக்கினார் என்றும் கூறுவர். ஓடும் கருவியைச் செய்தவர் நிறுத்தும் கருவியை மறந்தார் போலும்! பின்னர், 1863இல் அமெரிக்கராகிய ஜேம்ஸ் பிளிம்டன் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக நான்கு சக்கரம் வைத்து, சாயும் பக்கத்தே திரும்பும் காலணியை அமைத்தார். இன்று விரைவோட்டத்திற்கு அணிவது அதுவும் அன்று. பாதத்தின் நடுவே, பனித்தகடு இருக்கும் அதே கோட்டில், சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். 110 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நான்கு, அல்லது 125 மில்லிமீட்டர் உள்ள மூன்று என்பது பெருவழக்கு. இரப்பரைப் போல் மீள்தன்மையும் அதனினும் மிக்க உறுதியும் உடைய பாலியூரித்தேன் என்னும் பொருளால் அவை ஆனவை.

தடத்தின் சுற்று 200 மீட்டர். வளைவுகளில் வெளிப்புறம் உயர்ந்து, உட்புறம் தாழ்ந்து, கிண்ணத்தின் விளிம்பு போல் சரிந்திருக்கும். தண்டவாளத்தை உயர்த்தும் அதே காரணமே இங்கும். வீரர் இடப்புறமாகவே சுற்றுவர். வளைவில் வலக்காலை இடக்காலுக்கு முன்னே குறுக்காக எடுத்து வைத்து, ஒவ்வோர் அடியிலும் தரையைப் பக்கவாட்டில் உந்துவர். நடப்பவன் தரையைப் பின்னுக்குத் தள்ளி முன் செல்கிறான். சறுக்கோடுபவனோ தரையைப் பக்கத்தே தள்ளி முன் செல்கிறான். நம் படகோட்டி கழியை நேரே பின்னுக்கு ஊன்றாமல் சாய்த்து ஊன்றிக் கால்வாய் வளைவில் படகைத் திருப்புவதைக் கண்டவர்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

பனியும் சக்கரமும் வேறாயினும், கூட்டமாக ஓடுதல், வளைவில் சாய்தல், முந்தியவர்க்கே வெற்றி என்னும் விதி ஆகிய மூன்றாலும் சக்கரச் சறுக்கோட்டம் குறுந்தடப் பனியோட்டத்திற்கு உடன்பிறப்பே ஆகும்.

ஆனந்த்குமாரின் பெயர் முதன்முதலில் வெளிநாட்டில் ஒலித்தது 2021ஆம் ஆண்டு. தென் அமெரிக்காவில் கொலம்பிய நாட்டு இபாகே நகரில் அவ்வாண்டு உலகப் போட்டி நடைபெற்றது. சக்கரச் சறுக்கோட்டத்தில் கொலம்பியர் பெரு வல்லவர். நம் ஊர்களில் கிரிக்கெட் போல அங்கு இது சிறுவர் நெஞ்சில் ஊறிய ஆட்டம். அவ்விடத்தில் இளையோர் பிரிவில் 15 கிலோமீட்டர் நீக்கல் ஓட்டத்தில் ஆனந்த்குமார் இரண்டாம் இடம் பெற்று வெள்ளிப் பதக்கம் வென்றார். இளையோர் உலகப் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் பதக்கம் அது.

நீக்கல் ஓட்டம் என்பது விந்தையான ஓட்டம். குறித்த சுற்றுகள்தோறும் மணி ஒலிக்கும். அப்பொழுது யார் கடைசியில் இருக்கிறாரோ அவர் வெளியேற வேண்டும். முன்னே செல்வோர்க்குக் காற்றின் எதிர்ப்பு. பின்னே செல்வோர்க்கு நீக்கப்படும் அச்சம். முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது. நடுவே இருக்கலாம் எனின், நாற்புறமும் நெருக்குண்டு வழியின்றி அடைபட நேரும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எனவே, மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோடுபவர் தம் வலிமையின் பெரும்பகுதியைக் காற்றுக்கே இறைக்கிறார். எப்பொழுது மறைவது, எப்பொழுது வெளிப்படுவது என்று கணந்தோறும் கணக்கிட்டுக்கொண்டே ஓடுதல் வேண்டும். இதனைப் பதினெட்டு வயதளவில் ஒருவர் செவ்வையாகக் கற்றிருந்தார் என்றால், அவர் கால்களை மட்டும் புகழ்வது போதாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், சீன நாட்டு ஹாங்சோ நகரில் ஆசியப் போட்டியின் 3000 மீட்டர் தொடர் ஓட்டம் நடைபெற்றது. இந்திய அணியில் ஆரியன்பால் சிங் குமான், ஆனந்த்குமார் வேல்குமார், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்கலே ஆகியோர் இடம்பெற்றனர். காலோட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போல இதில் கோல் இல்லை. ஓடி வருபவர் முன்னே செல்லும் தோழரின் இடுப்பில் கைவைத்து வலிமையாக உந்திவிடுவார். தம் வேகத்தையே தோழருக்குக் கொடையாக அளித்துத் தாம் ஒதுங்குவார். அந்த உந்தல் சிறிது தவறினும் இருவரும் வீழ்வர்.

அவ்வோட்டத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. தென்கொரிய அணி முன்னணியில் இருந்தது. அதன் கடைசி வீரர் ஜங் சொல்-வோன் எல்லைக்கோட்டை நெருங்குகையில் வெற்றி தமதே என்று கருதி நிமிர்ந்து இரு கைகளையும் உயர்த்தினார். அவரை ஒட்டி வந்த தைவான் வீரர் ஹுவாங் யு-லின் நிமிரவில்லை. குனிந்தபடியே இடக்காலை நீட்டி முன்னே செலுத்தினார். இவ்வோட்டத்தில் தலையோ மார்போ கணக்கில்லை. காலணியின் முனை எப்பொழுது கோட்டைக் கடக்கிறது என்பதே கணக்கு. தைவானுக்கு 4 நிமிடம் 5.692 நொடி; கொரியாவுக்கு 4 நிமிடம் 5.702 நொடி. இடைவெளி ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு! அவ்வேகத்தில் அது ஏறத்தாழ அரைச் சாண் தொலைவே ஆகும். தென்கொரியாவில் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற ஆடவர்க்குக் கட்டாயப் படைப்பணியிலிருந்து விலக்கு உண்டு. எனவே, அந்த அரைச் சாண் அவர்க்கும் அவர்தம் தோழர்க்கும் பதக்கத்தினும் பெரிய இழப்பாயிற்று. அவர் பின்னர் அனைவரிடமும் வருத்தம் தெரிவித்தார்.

எல்லோரும் அவ்விருவரைப் பற்றியே பேசினர். மூன்றாவதாக 4 நிமிடம் 10.128 நொடியில் கடந்த அணியை நோக்கியவர் சிலரே. அது இந்திய அணி. அதே நாளில் மகளிர் தொடர் ஓட்டத்திலும் இந்தியா மூன்றாம் இடம் பெற்றது. அவ்வணியில் சஞ்சனா பத்துலா, கார்த்திகா ஜகதீஸ்வரன், ஹீரல் சாது, ஆரத்தி கஸ்தூரி ராஜ் ஆகியோர் இருந்தனர். இவர்களுள் கார்த்திகாவும் ஆரத்தியும் தமிழ்நாட்டினர். சக்கரச் சறுக்கில் அதற்கு முன் 2010ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில் நம் நாட்டினர் பதக்கம் பெற்றிருந்தனர். ஆயினும், அவை நடனம் போன்ற கலைச்சறுக்கில் பெற்றவை. விரைவோட்டத்தில் கிட்டியவை இவையே முதலாவன.

2025ஆம் ஆண்டு ஆனந்த்குமாரின் ஆண்டாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் சீனாவின் செங்டு நகரில் உலக விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஆட்டங்களுக்கென நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தப்படுவது அது. அதில் 1000 மீட்டர் விரைவோட்டத்தை 1 நிமிடம் 22.482 நொடியில் முடித்து ஆனந்த்குமார் வெண்கலம் பெற்றார். மறுமாதமே அந்நாட்டின் வடபால் கடற்கரை நகராகிய பெய்டைஹேயில் உலகச் சறுக்கோட்டப் போட்டி தொடங்கிற்று. அங்கு 500 மீட்டரில் 43.072 நொடியில் வெண்கலம் பெற்றார். அடுத்து 1000 மீட்டர். அதில் 1 நிமிடம் 24.924 நொடியில் கோட்டைக் கடந்து முதல்வரானார். அதே 1000 மீட்டரில் இளையோர் பிரிவுத் தங்கமும் கிரிஷ் சர்மா என்னும் இந்தியருக்கே கிடைத்தது.

இவ்விரு நேரங்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். செங்டுவில் 1 நிமிடம் 22.482 நொடி, மூன்றாம் இடம். பெய்டைஹேயில் 1 நிமிடம் 24.924 நொடி, முதல் இடம். இரண்டரை நொடி அளவுக்கு மெதுவாக ஓடியபொழுது அவர் உலகத்தை வென்றார்! கணக்குப் பாடத்தில் இவ்விடை பிழையாகத் தோன்றும். சறுக்கோட்டத்தில் பிழையில்லை. 1000 மீட்டர் என்பது 200 மீட்டர்த் தடத்தில் ஐந்து சுற்று. எல்லோரும் முன்னே செல்லத் தயங்கினால் முதற் சுற்றுகள் மெல்லச் செல்லும். யாரேனும் ஒருவர் தொடக்கத்திலேயே விரைந்தால் கூட்டம் முழுவதும் இழுபட்டு விரையும். நேரத்தை வகுப்பது கூட்டம். இடத்தை வகுப்பது வீரர். கடைசி இரு சுற்றுகளில் எந்த இடத்தில் இருந்து, எந்த வளைவில் வெளிப்பட்டு, எத்துணை வலிமையை மிச்சம் வைத்திருந்தார் என்பதே வெற்றியை வகுக்கும். ஆயினும், அவர் மெல்லவே ஓடினார் என்று எண்ணிவிடலாகாது. 1 நிமிடம் 24.924 நொடியில் 1000 மீட்டர் என்பது மணிக்கு 42 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகம். கிள்ளைச் சாலையில் பேருந்து செல்லும் வேகத்தில் ஒருவர் தம் இரு கால்களால் ஓடுகிறார் என்று கருதிக்கொள்ளலாம்.

போட்டி முடியுமுன் அவர் மற்றொன்றும் செய்தார். அதுவே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 42 கிலோமீட்டர் மராத்தான் சறுக்கோட்டத்திலும் தங்கப் பதக்கம் வென்றார். காலோட்டத்தில் குறுகிய தொலைவில் வெல்பவர் நெடுந்தொலைவில் வெல்வதில்லை. குறுந்தொலைவுக்கு உரிய தசைநார் ஒருவகை. நெடுந்தொலைவுக்கு உரியது மற்றொருவகை. முன்னது விரைந்து சுருங்கி விரைந்து களைக்கும். பின்னது மெல்லச் சுருங்கி நெடுநேரம் தாங்கும். ஒன்றரை நிமிடம்கூட நீளாத ஓட்டத்தையும், ஒரு மணி நேரம் அளவு நீளும் ஓட்டத்தையும் ஒருவரே ஒரே போட்டியில் வெல்லுதல் எங்ஙனம் கூடிற்று?

விடையைக் கிள்ளைச் சாலையில் மிதிவண்டி ஓட்டும் மாணவன் அறிவான். சறுக்கோட்டத்தில் நெடுந்தொலைவிலும் பிறர் முதுகின் மறைவில் ஓடி வலிமையைச் சேமிக்க இடமுண்டு. நாற்பது கிலோமீட்டர் வரை கூட்டத்துள் அடங்கி வருபவர்க்கும் கடைசி ஆயிரம் மீட்டரில் விரைவோட்டமே தேவைப்படுகிறது. அப்பொழுது யாரிடம் வலிமை மிச்சம் உண்டோ, யார் விரைவோட்டத்தில் வல்லவரோ, அவர்க்கு வழி திறக்கிறது. இவ்வாறு எழுதுவது எளிது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், முன்னவரின் சக்கரத்திற்கும் தம் சக்கரத்திற்கும் இடையே ஒரு முழ இடைவெளியே இருக்க, ஒரு மணி நேரம் கண்ணிமைக்காமல் ஓடிய பின்னும் கடைசி ஓட்டத்திற்கு வலிமை வைத்திருத்தல் எளிதன்று. 2021இல் நீக்கல் ஓட்டத்தில் வெள்ளி பெற்ற இளைஞரை இங்கே மீண்டும் காண்கிறோம். அவர்க்கு அப்பொழுது அகவை இருபத்திரண்டு.

இத்துணைச் சிறப்புடைய விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை என்பது வருந்தத்தக்கது. 2018ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் ஒருமுறை இடம் தந்தனர், அவ்வளவே. எனவே, ஒலிம்பிக் பதக்கம் வேண்டும் சக்கர வீரர்கள் பனித்தளத்திற்குக் குடிபெயர்கின்றனர். அமெரிக்காவின் சாட் ஹெட்ரிக் சக்கரத்தில் பல உலகப் பட்டங்கள் பெற்றபின் பனிக்குச் சென்று, 2006ஆம் ஆண்டு தூரின் நகரில் 5000 மீட்டரில் தங்கம் வென்றார். ஒரே அடியில் காலை உள்ளும் புறமும் இருமுறை உந்தி வேகம் பெறும் முறையைச் சக்கரச் சறுக்கில் பரப்பியவரும் அவரே. பெல்ஜிய வீரர் பார்ட் ஸ்விங்ஸ் 2022ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் தங்கம் பெற்றார். அதே ஆண்டில் 500 மீட்டரில் தங்கம் பெற்ற அமெரிக்க நங்கை எரின் ஜாக்சனும் சக்கரத்தில் வளர்ந்தவரே. அவர் பனியில் கால் வைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சக்கரத்தில் கற்ற சாய்வும் உந்தலும் தகட்டிலும் பயன்படுகின்றன. ஆனால், தகட்டின் மெல்லிய ஓரத்தில் நிற்கப் புதிதாகப் பழகவேண்டும்.

நம் நாட்டிலும் அவ்வழியில் சென்றவர் உண்டு. குசராத்தைச் சேர்ந்த விசுவராச் சடேசா சக்கரத்தில் தொடங்கி, பனியை நாடி நெதர்லாந்து சென்று, அங்கே பயின்று நெடுந்தடப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஓடினார். பரங்கிப்பேட்டைக்கு அவர்கள் வந்தது வாணிகம் தேடி. நம்மவர் அங்கே சென்றது பனி தேடி. பனித்தளம் ஒன்றை நம் வெயிலில் உறையவைத்துக் காப்பதற்கு நாள் முழுதும் குளிர்ப் பொறிகள் ஓடவேண்டும். அதற்கு ஆகும் மின்சாரச் செலவு மிகுதி. சக்கரத் தடத்திற்கோ நல்ல தளமும் விளக்குகளும் இருந்தால் போதும். தமிழ்நாட்டுச் சிறுவர் சக்கரத்தில் உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அச்சக்கரக் காலணியும் விலை மலிந்தது அன்று என்பதைப் பெற்றோர் அறிவர். வளரும் சிறுவனுக்குக் கால் நீண்டுகொண்டே போகிறது, காலணியோ நீள்வதில்லை.

இமயமலை அடிவாரத்தில் டேராடூன் நகரில், 2011ஆம் ஆண்டுத் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்கென இமாத்ரி என்னும் பனித்தளம் ஒன்றைக் கட்டினர். விழா முடிந்தபின் அது நெடுநாள் பயனின்றிக் கிடந்தது. பின்னர்ச் செப்பனிட்டு மீண்டும் உறையவைத்தனர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆனந்த்குமார் செங்டுவில் வெண்கலம் பெற்ற அதே மாதத்தில், ஆசிய நாடுகளின் குறுந்தடப் பனிச் சறுக்கோட்டப் போட்டி அத்தளத்தில் நடைபெற்றது. நம் மண்ணில் அத்தகைய பன்னாட்டுப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. வெளியே ஆவணி மாத மழை, உள்ளே 111.12 மீட்டர்ச் சுற்றில் நாற்புறமும் மெத்தை சார்த்திய வேலிக்குள், பல நாட்டு இளைஞரும் நம் நாட்டு இளைஞரும் இடப்புறமாகச் சாய்ந்து, விரல் நுனியால் பனியைத் தடவியபடி வளைந்தோடினர்.